மணி அடித்தால் வேப்பமரத்தடி

கிரேஸிக்கு மெதுவாகப் பேச வராது. “பைய பேசும்மா” என்று நான் சொல்லாத நாள் கிடையாது. “சரி அண்ணாச்சி” என்று அவள் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லாத நாளும் கிடையாது. தாமிரபரணி கடலில் போய் விழுகிற புன்னக்காயலில் பிறந்தவள். அவளுடைய அப்பா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணியில் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். கரையில் நின்று கத்தினால் தோணியில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டும். அந்த வீட்டில் வளர்ந்த தொண்டை அது.

என் பெயர் பாலசுப்பிரமணியன். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, பாளையங்கோட்டையில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் அது பொறுக்காமல் என்னைத் தங்கள் அறக்கட்டளைக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். அறக்கட்டளைக்கு இருக்கிற ஒரே வேலை, சீவலப்பேரி சாலையில் உள்ள பொருநை முதியோர் இல்லம். எனக்குச் சீக்கிரம் கோபம் வரும் என்று இல்லத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். மெதுவாகத்தான் வரும், ஆனால் தினமும் வரும்.

கிரேஸி எங்களிடம் வந்தது ஒரு மாதத்துக்கு மட்டும். பழைய மேற்பார்வையாளர் மகள் பிரசவத்துக்கு லீவு போட்டுப் போனார். அவர் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது, நர்சிங் உதவியாளர் படிப்பு படித்த இந்தப் பெண் வந்து நின்றாள். போனவர் திரும்பி வரவேயில்லை. கிரேஸியின் ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. இப்போது அவள் தலையில் நரை விழுந்துவிட்டது, கணவர் ஞானப்பிரகாசம் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஃபோர்மேன் ஆகிவிட்டார். இல்லத்துக்கு அவள்தான் மேலாளர்.

அவள் வந்த புதிதில் இங்கே சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. ஒருவர் பூஜை முடித்துத்தான் வருவார். ஒருவர் டிவியில் செய்தி முடிந்துதான் எழுந்திருப்பார். இன்னொருவர் வந்து உட்கார்ந்து, குழம்பு என்ன என்று பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் போய் அரைமணி நேரம் கழித்து அதே குழம்புக்குத் திரும்பி வருவார். சமையல்காரர் ஞானசம்பந்தன் கல்யாண வீடுகளில் சமைத்துப் பெயர் எடுத்தவர். தான் வைத்த தேங்காய்ப்பால் சொதியை மூன்று தடவை சுடவைக்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிடும்.

கிரேஸி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டு, பஸ்ஸில் ஒரு பித்தளை மணியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் தோணியை உடைத்தபோது வீட்டில் எடுத்துவைத்த மணி. சாப்பாட்டு அறை வாசலில் அதைத் தொங்கவிட்டாள்.

“மணி அடிச்சா சோறு. மணி அடிச்சதும் வந்தா சுடுசோறு. பொறவு வந்தா மோருஞ்சோறு. இம்புட்டுதான் சட்டம்” என்றாள்.

தாலுகா ஆபீஸில் பெரிய பதவியில் இருந்து வந்த ஒருவர் மூன்று நாள் மோர்சோறு சாப்பிட்டார். நாலாம் நாள் அவர்தான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் இல்லத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. இங்கே சேருகிறவர்கள் அவரவர் தட்டையும் டம்ளரையும் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள், பெயர் வெட்டியது. பெயர் வெட்டாத தட்டில் சாப்பிட்டால் ஓட்டலில் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறதாம். ஆகவே மணி அடித்ததும் எல்லா அறைக் கதவும் திறக்கும், கையில் தட்டோடு ஓர் ஊர்வலம் சாப்பாட்டு அறைக்குப் போகும். வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்தது. இந்த ஒழுங்கைப் பார்த்து நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதுவே எங்கள் கழுத்தைப் பிடிக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

போன ஐப்பசியில் அரசிடமிருந்து தாக்கீது வந்தது. இனிமேல் இல்லத்தின் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் தரச்சான்று வாங்க வேண்டும். அதற்கு ஒரு மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்ப்பார். என்னென்ன பார்ப்பார் என்பதை ஒரு புத்தகமாகவே அனுப்பியிருந்தார்கள். நான் படித்துவிட்டு, அறக்கட்டளையை இழுத்து மூடிவிட்டு மறுபடி பேப்பர் படிக்கப் போகலாம் என்று முடிவுசெய்தேன். கிரேஸி புத்தகத்தை வாங்கி ஒரு வாரம் படித்தாள்.

“இதுல பாதி நம்ம செய்யுததுதான் அண்ணாச்சி. எழுதி ஒட்டணும், அவ்வளவுதான். மிச்சத்தை மெல்ல மாத்திக்கிடலாம். ஆனா ஒரு பக்கத்த வாசிச்சீயளா?”

அந்தப் பக்கத்தை நானும் வாசித்திருந்தேன். எழுந்து நடக்க முடியாதவர்களை ஓர் இல்லம் வைத்திருக்க வேண்டுமானால், தீப்பிடித்தால் அவர்கள் உட்பட அத்தனை பேரையும் நான்கு நிமிடத்துக்குள் வெளியே கொண்டுவர முடியும் என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் நடக்க முடியாதவரை அதற்கு வசதியுள்ள பெரிய இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். அப்படி ஓர் இல்லம் மதுரைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

எங்களிடம் நடக்க முடியாதவர் ஒருவர்தான், இசக்கியம்மா. வாதம் வந்து இடது கையும் காலும் வராமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய கணவர் அப்பாத்துரை அண்ணாச்சி, திருநெல்வேலியிலிருந்து பாபநாசத்துக்கு அரசு பஸ் ஓட்டியவர். எண்பதை எட்டப் போகிறார், இன்னும் கைப்பிடி இரும்பு. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். அப்பாத்துரைதான் மனைவிக்குத் தலை வாரிவிடுவார், சோறு ஊட்டுவார், திட்டு வாங்குவார். மதுரை இல்லத்தில் அந்தப் பிரிவு பெண்களுக்கு மட்டும். கணவன் கூடப் போய் இருக்க முடியாது.

ஊருக்கெல்லாம் தெரிந்து காதில் விழுவதற்கு முன்னால் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று கிரேஸி நேரே அவர்கள் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவள் சொல்லி முடித்ததும் இசக்கியம்மா என்னைப் பார்த்தார்.

“என்னைய மதுரைக்கு அனுப்புதியளா? எதுக்கு, மீனாச்சியக் கும்பிடவா?”

அப்பாத்துரை சீப்பை எடுத்து, ஏற்கெனவே வாரியிருந்த தலையை மறுபடி வாரினார். நான் வாசல் பக்கம் நகர்ந்துவிட்டேன். கிரேஸி மட்டும் நின்று, “எங்கயும் போவ மாட்டீய. நான் சொல்லுதேன்” என்றாள். வெளியே வந்ததும், எந்த தைரியத்தில் வாக்குக் கொடுத்தாய் என்று சத்தம் போட்டேன். “தைரியம் வாரதுக்குத்தான் அண்ணாச்சி முதல்ல சொல்லிட்டேன்” என்றாள்.

அதன்பிறகு இல்லம் மாறத் தொடங்கியது. முதலில் உரிமைப் பலகை வந்தது. ‘உங்களை மரியாதையுடன் நடத்தும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு’ என்று அதில் ஒரு வரி. அதற்குப் பிறகு நான் யாரிடமாவது குரலை உயர்த்தினால் அவர் வாய் பேசாமல் அந்தப் பலகைப் பக்கம் விரலைக் காட்டுவார். அடுத்தது புகார்ப் பெட்டி. இந்த ஊர்க்காரர்களுக்குக் குறையை எழுதிப் பெட்டிக்குள் போடுகிற பழக்கமே கிடையாது, முகத்துக்கு நேரே சொல்லித்தான் பழக்கம். பெட்டி காலியாகவே கிடந்தது. கிரேஸி ஞாயிறு காலைக் காப்பி நேரத்தில் பெட்டியை எல்லார் முன்னாலும் திறந்து, இருப்பதைச் சத்தமாகப் படிப்பது என்று ஆக்கினாள். அடுத்த வாரமே பெட்டி நிரம்பிவிட்டது. ரசத்தில் புளி போதவில்லை, பக்கத்து அறைக்காரர் குறட்டை, கொசு. கடைசிச் சீட்டை அவள் எடுத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“‘செயலாளர் அடிக்கடி வருகிறார். வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும்.’”

எல்லாரும் கைதட்டினார்கள். அது யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியும். பலகை இருக்கிற காரணத்தால் சும்மா இருந்தேன்.

மற்ற எல்லாம் ஒருவழியாக நடந்தது. தீ ஒத்திகைதான் மானத்தை வாங்கியது. முதல் ஒத்திகைக்கு முந்தின நாளே எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினோம். மணி அடித்தால் தீ என்று அர்த்தம், எல்லாரும் வாசலில் இருக்கிற வேப்பமரத்தடிக்கு வர வேண்டும். புரிந்ததா என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு நான் வேப்பமரத்தடியில் கைக்கடிகாரத்தோடு நின்றேன். கிரேஸி மணி அடித்தாள். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று, மரத்தடியில் என்னையும் ஒரு காக்காயையும் தவிர யாரும் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். கிட்டத்தட்ட அத்தனை பேரும் சாப்பாட்டு அறையில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“என்ன, இன்னைக்கு வெள்ளனயே போடுதீய?” என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

“வே, சமையல்கட்டுல தீப்பிடிச்சிருக்கு! அதுக்குப் பக்கத்துலயே வந்து உக்காந்திருக்கீரே!” என்று கத்தினேன்.

“அப்பம் சோறு லேட்டாவுமோ?” என்றார்.

நான் மின்சாரக்காரன் இல்லையா, என் யோசனைப்படி ஒரு சைரன் வாங்கி மாட்டினோம். சைரன் ஊளையிட்டதும் எல்லாரும் தெருப்பக்க ஜன்னலுக்கு ஓடி, ஆம்புலன்ஸ் யார் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் மட்டும் வெளியே வரப் புறப்பட்டார்கள். அவர்களும் அறையைப் பூட்டச் சாவி தேடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு ஒத்திகையிலும் அப்பாத்துரை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எங்கள் திட்டப்படி நடக்க முடிந்தவர்கள் முதலில் வெளியேற வேண்டும், உதவியாளர் ரீபா சக்கர நாற்காலியில் இசக்கியம்மாவைப் பின்னால் கொண்டுவருவாள். அப்பாத்துரை கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். போய்த் திட்டினேன்.

“ஒத்திகதான அண்ணாச்சி? ரெண்டு நிமிசம் வெளிய வந்து நின்னா என்ன?”

“செக்ரட்டரி சார், நான் பாபநாசம் வண்டி ஓட்டுனவன். ஒரு தடவ எஞ்சின்ல பொக வந்துச்சு. கடைசி ஆளு எறங்குன பொறவுதான் நான் எறங்குனேன். இப்பம் இவ ஒருத்திதான் வண்டியில இருக்கா. இவள உட்டுட்டு எப்படி எறங்குவேன்?”

பதில் இல்லாதபோதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். வேறு வழியில்லை, மதுரைக்கு எழுதிவிடுவோம் என்று கிரேஸியிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டு அறை வாசலில் அந்த மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணாச்சி, இவங்களுக்கு மணின்னா சோறு. நான்தான் அப்படிப் பழக்குனேன். இந்த வயசுல மணிக்கு வேற அர்த்தம் சொல்லிக் குடுத்தா ஏறாது. பேசாம சோத்தத் தூக்கிட்டுப் போய் வேப்பமரத்தடியில வச்சிருவோம்.”

“எத்தன நாளைக்கு?”

“எப்பவுமே. மூணு நேரமும் அங்கனதான். மணி அடிச்சா வேப்பமரத்தடி. தீன்னாலும் வேப்பமரத்தடி, தோசன்னாலும் வேப்பமரத்தடி.”

அது கிறுக்குத்தனம் என்று பத்துக் காரணம் சொன்னேன். தூசி, காக்கா, வெயில், மார்கழிப் பனி, வேப்பம்பூ சாம்பாரில் விழும். ஞானசம்பந்தன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, குண்டானைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க மாட்டேன் என்றார். கிரேஸி எல்லாவற்றையும் கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானப்பிரகாசம் ஒரு மினி லாரியில் பழைய தோணிப் பாயைக் கொண்டுவந்து இறக்கினார். வேப்பமரக் கிளைகளிலும் மூன்று கம்பங்களிலும் கட்டினதும் நல்ல பந்தல் ஆகிவிட்டது. சாப்பாட்டு மேசைகள் அதன் கீழே வந்தன. குண்டான்களை வைத்துத் தள்ள ஒரு சக்கர வண்டியும் வந்தது. பந்தலைப் பார்த்ததும் ஞானசம்பந்தனுக்குக் கல்யாண வீட்டு ஞாபகம் வந்து, அன்றைக்குக் கேட்காமலே சொதி வைத்தார். அதோடு அவருடைய போராட்டம் முடிந்தது.

அடுத்தது அப்பாத்துரை. கிரேஸி அவரிடம் போய், “அண்ணாச்சி, வண்டிய விட்டு எறங்க வேண்டாம். நீங்களே ஓட்டுங்க” என்றாள்.

எண்பது வயதுக்காரரைத் தீயிலிருந்து ஆட்களை வெளியேற்றுகிற குழுவில் சேர்ப்பதா என்று நான் குதித்தேன். அவள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“பயிற்சி எடுத்திருக்கணும்னு போட்டிருக்கு. வயசு போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். போடவில்லை. தீயணைப்பு நிலையத்தில் அரைநாள் பயிற்சிக்கு ரீபாவோடு அப்பாத்துரையும் போனார். திரும்பி வந்து, கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைப்பது ரீபாவின் வேலை, அதற்குப் பிறகு வண்டி தன் பொறுப்பு என்று எல்லாருக்கும் அறிவித்தார். வாசலில் நாற்காலி இறங்குகிற சரிவுப் பாதையில் பிரேக்கை எங்கே பிடிக்க வேண்டும் என்று வெறும் நாற்காலியோடு நாள் முழுக்கப் பழகினார். இசக்கியம்மா தனக்கும் வேலை வேண்டும் என்றார். அவர் கழுத்தில் கிரேஸி ஒரு விசிலைக் கட்டிவிட்டாள். விசில் ஊதினால்தான் வண்டி புறப்படும்.

மரத்தடியில் முதல்நாள் மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டு வருஷமாக இசக்கியம்மாவுக்குச் சாப்பாடு அறைக்கே போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர அவர் வெளியே வந்ததே இல்லை. அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் எல்லாரும் அப்படிச் செய்தோம். அன்று பந்தலுக்கு அடியில் வண்டி நின்றதும் அவர் சாப்பிடவில்லை. நிமிர்ந்து வேப்ப இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“காத்து இருக்குல்லா” என்றார். “இம்புட்டுக் காத்தையும் நீங்களே வச்சுக்கிட்டீயளே.”

அந்தப் புத்தகத்தை எழுதினவர்களை அதுவரை நான் திட்டாத திட்டு இல்லை. அன்றைக்கு நிறுத்திக்கொண்டேன்.

தை மாதக் கடைசியில் மதிப்பீட்டாளர் வந்தார். மதுமதி என்று பெயர், கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயது. வந்ததும் ஞானசம்பந்தன் காப்பியோடு போய் நின்றார். மதுமதி கைகூப்பி, “தப்பா நினைச்சுக்காதீங்க, மதிப்பீடு முடியற வரைக்கும் தண்ணிகூட வாங்கிக்கக் கூடாதுங்க. விதி” என்றார். இல்லமே ஆடிப்போய்விட்டது. வீடு தேடி வந்த பெண் பிள்ளை கை நனைக்காமல் இருக்கிறதாவது! ஆளாளுக்கு வந்து ஒரு மடக்குக் குடிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அவருக்கு ‘வேண்டாங்க’ சொல்லியே வாய் வறண்டிருக்கும்.

உங்கள் உரிமைகள் உங்களுக்குத் தெரியுமா என்று அவர் தாலுகா ஆபீஸ்காரரிடம் கேட்டார். “நல்லாத் தெரியும். செக்ரட்டரி சத்தம் போட்டா கையக் காட்டலாம்” என்றார் அவர். மதுமதி என்னைப் பார்த்தார். நான் தோணிப் பாயைப் பார்த்தேன்.

மதியச் சாப்பாடு முடிந்தது. ஒத்திகை எப்போது என்று அவர் சொல்லவே இல்லை. எல்லாரும் படுத்துத் தூங்கிவிட்டார்கள். மூன்றரை மணிக்கு அவர் எழுந்தார்.

“இப்ப வெச்சுக்கலாங்க. ஒரே ஒரு மாற்றம். மேலாளர் ஊர்ல இல்லேன்னு வெச்சுக்குவோம். கிரேஸியம்மா என்கூட மரத்தடியில நிக்கட்டும். பேசக் கூடாது, கூப்பிடக் கூடாது, சைகையும் காட்டக் கூடாதுங்க.”

எத்தனை பந்தல் போட்டாலும், எங்கள் இல்லம் ஓடுவது அந்தத் தொண்டையில். கிரேஸி மரத்தடிக்கு வந்து, சேலை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். ஞானசம்பந்தன் மணி அடித்தார்.

முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு கதவு திறந்தது. அடுத்தடுத்துக் கதவுகள் திறந்தன. தூக்கக் கண்ணோடு, ஒரு பக்கம் சேலை இழுபட, வேட்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவரும் சாப்பாட்டு அறைப் பக்கம் திரும்பவில்லை. ஒருவரும் சாவி தேடவில்லை. எல்லார் கையிலும் தட்டு இருந்தது. நேரே வேப்பமரத்தடிக்கு வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

மதுமதி எண்ணினார். இரண்டு பேர் குறைந்தார்கள். இரண்டு நிமிடம் தாண்டிவிட்டது. சரிவுப் பாதை காலியாகவே கிடந்தது. கிரேஸியின் கண் அந்தப் பாதையை விட்டு நகரவில்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. ஒரே ஒரு கூப்பாடு போட்டால் போதும், அவர்கள் ஓடி வந்துவிடுவார்கள். அவள் போடவில்லை. மூன்று நிமிடமும் ஆகிவிட்டது. எனக்குச் சொக்கநாதர் முதல் புன்னக்காயல் மாதா வரைக்கும் எல்லார் பெயரும் வாயில் வந்தது.

அப்போது உள்ளேயிருந்து விசில் சத்தம் கேட்டது.

சக்கர நாற்காலி வெளியே வந்தது. அப்பாத்துரை சரிவில் பிரேக்கைப் பிடித்து, வளைவில் நிதானமாகத் திருப்பி, சமதரையில் வேகம் எடுத்தார். பின்னால் ரீபா ஓடி வந்தாள். இசக்கியம்மா ஊதிய விசிலில் காக்காயெல்லாம் பறந்துவிட்டது. பந்தலுக்குள் வண்டி வந்து நின்றபோதுதான் அப்பாத்துரை பழைய காக்கிச் சட்டை போட்டிருப்பதை நான் கவனித்தேன். கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தது.

“சட்டையப் போடாம வண்டிய எடுக்க மாட்டேன்னுட்டாவ! தீப்பிடிச்சாலும் அப்படித்தான் நிப்பாவளாம்!” என்று இசக்கியம்மா எல்லாரிடமும் முறையிட்டார்.

மதுமதி கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு நிமிஷத்துக்கு இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க. பேசலாங்க இப்ப” என்றார்.

கிரேஸி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

“சம்பந்தம் அண்ணாச்சி! மணி அடிச்சாச்சு, எல்லாரும் தட்டோட உக்காந்திருக்காங்க, என்ன பாத்துக்கிட்டு நிக்கீய? பனங்கெழங்கு அவிச்சது இருக்குல்லா, கொண்டாங்க!”

மதுமதி காதைப் பொத்திக்கொண்டார். எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டார். “இன்னைக்கு மணி அடிச்சு ஒண்ணும் போடலன்னா, நாளைக்கு நெசமாவே தீப்பிடிச்சா ஒருத்தரும் வர மாட்டாங்க” என்றாள் கிரேஸி. மதுமதி அதைத் தன் கணினியில் எழுதிக்கொண்டார். எல்லார் தட்டிலும் பனங்கிழங்கு விழுந்தது. இசக்கியம்மா நல்ல கையால் ஒரு கிழங்கை எடுத்து மதுமதி பக்கம் நீட்டினார்.

“விதிங்க பாட்டி” என்றார் மதுமதி.

“தீயில இருந்து எங்ககூடத் தப்பிச்சு வந்திருக்க. பட்டினியாப் போவணும்னு ஒரு விதியா?”

மதுமதி வாங்கவில்லை. ஆனால் கார் ஏறுகிறவரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

முடிவு மாசி மாதம், சொல்லியிருந்த தேதியில் வந்தது. நான் அலுவலக அறையில் படித்துவிட்டுக் கிரேஸியிடம் கொடுத்தேன். சான்று உண்டு. இசக்கியம்மா இருக்கலாம். ஒரே ஒரு குறை சொல்லியிருந்தார்கள், வெளியேறும்போது கையில் தட்டு இருக்கக் கூடாது. “அதுக்கு மரத்தடியில ஒரு அலமாரி வச்சாப் போச்சு” என்று சொல்லிக்கொண்டே அவள் போய் மணியை அடித்தாள். காலை பத்தரை மணி, எந்தச் சாப்பாட்டு வேளையும் இல்லை. எல்லாரும் தட்டோடு வந்தார்கள். விசில் ஊதிக்கொண்டு வண்டியும் வந்தது, காக்கிச் சட்டையும் வந்தது. ஞானசம்பந்தன் பாயசக் குண்டானைத் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்தபிறகுதான், அவள் காலையிலேயே பாயசம் வைக்கச் சொல்லியிருந்தது எனக்குப் புரிந்தது. முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் என்ன செய்திருப்பாளோ தெரியாது.

“பாஸாயிட்டோம்!” என்றாள். ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும். “இசக்கியம்மா எங்கயும் போவல!”

ஒரே கூச்சல். தட்டைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அப்பாத்துரை மட்டும் இரண்டு கையாலும் நாற்காலியின் பிடியைப் பிடித்தபடி நின்றார். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நான் பக்கத்தில் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கிரேஸியைப் பார்த்தார்.

“அப்பம் நாளைக்கும் வண்டி உண்டா, தாயி?”

கிரேஸி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். பிறகு தலையை மட்டும் ஆட்டினாள், ஒரு தடவை இல்லை, நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே நின்றாள். அந்தத் தொண்டை அடைத்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். எனக்கும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

“உண்டுன்னுதான் சொல்லுதா” என்றார் இசக்கியம்மா. “பிரேக்கப் போட்டுட்டு வந்து உக்காருங்க. பாயசம் ஆறுது.”